நிலச் சட்டத்தில் 48: குறைந்த மதிப்பெண்ணுக்கு விளக்கம் எழுதுவது எப்படி?

இங்கிலாந்தில் சட்ட நிறுவனம் ஒன்றில் பயிற்சி வழக்கறிஞராகச் சேர விண்ணப்பிப்பவர்களை மொத்தச் சதவீதம் எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிட்டு விடமாட்டார்கள். ஒவ்வொரு வருடத்துக்கும் ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனி வரி. ஒப்பந்தச் சட்டம் 64, குற்றவியல் சட்டம் 66, அரசியலமைப்புச் சட்டம் 63 என்று நிரப்பிக்கொண்டே வருகிறவரின் கை, நிலச் சட்டம் வந்ததும் நின்றுவிடும். அங்கே 48.

அந்தப் பக்கத்தின் அடியில் பெரும்பாலும் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். உங்கள் கல்வி முடிவுகளைப் பாதித்த சூழ்நிலை ஏதாவது இருந்தால் இங்கே குறிப்பிடலாம் என்று அதன் மேல் எழுதியிருக்கும். சில இடங்களில் 200, 250 சொல் என்று எல்லையும் போட்டிருப்பார்கள். இதற்கு ஆங்கிலத்தில் மிட்டிகேட்டிங் சர்க்கம்ஸ்டன்சஸ் என்று பெயர். எக்ஸ்டென்யுவேட்டிங் என்று போட்டிருந்தாலும் விஷயம் ஒன்றுதான். தமிழில் தணிக்கும் சூழ்நிலை என்று வைத்துக்கொள்வோம்.

நீதிமன்றத்திலும் இதே சொல் புழங்குகிறது. குற்றம் உறுதியான பிறகு, தண்டனை அறிவிப்பதற்கு முன்னால் வழக்கறிஞர் எழுந்து பேசுவார். என் கட்சிக்காரர் இதைச் செய்யவே இல்லை என்று அப்போது வாதாட முடியாது, அந்தக் கட்டம் முடிந்துபோயிற்று. செய்த நேரத்தில் அவருடைய நிலை என்ன, பிறகு எப்படி நடந்துகொண்டார் என்பதை மட்டும் எடுத்துச் சொல்லி, தண்டனையைக் குறைக்கக் கேட்பார். படிவத்தின் பெட்டியிலும் அதுதான் நடக்கிறது. யாரும் அந்த 48ஐ 62 ஆக்கித் தரப்போவதில்லை. அதை வைத்து உங்களை எப்படி எடைபோடுவது என்று ஒருவர் யோசிக்கப்போகிறார்; அவருக்குத் தேவையான தகவலைக் கொடுக்கிறீர்கள், அவ்வளவுதான். தெரிந்தவர்களின் பிள்ளைகள் கொண்டுவரும் விண்ணப்பங்களைச் சில வருடங்களாகப் படித்துத் திருத்திக் கொடுக்கிறேன். அவற்றில் பாதிப்பேர் இந்தப் பெட்டியைக் காலியாக விடுகிறார்கள், மீதிப்பேர் அதில் அழுகிறார்கள்.

48 ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்று தெரிய, மதிப்பெண் முறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அங்கே பல்கலைக்கழகத்தில் 70 எடுத்தாலே முதல் வகுப்பு. 60 முதல் 69 வரை இரண்டாம் வகுப்பின் மேல்தட்டு; மாணவர்கள் ‘டூ ஒன்’ என்பார்கள். 50 முதல் 59 வரை கீழ்த்தட்டு, ‘டூ டூ’. 40 முதல் 49 வரை மூன்றாம் வகுப்பு. சட்டத் தாளில் 80 வாங்குவது அபூர்வம். 68 வாங்கி வந்த பிள்ளையிடம் மீதி 32 எங்கே போயிற்று என்று கேட்கிற நம் வீடுகளில் இதை விளங்கவைப்பது தனிப் பாடு. பெரிய சட்ட நிறுவனங்களில் பெரும்பாலானவை வெகுகாலமாக டூ ஒன்னைத்தான் வாசற்படியாக வைத்திருக்கின்றன. 58 எடுத்தவருக்கும் 61 எடுத்தவருக்கும் அறிவில் என்ன பெரிய வித்தியாசம் இருந்துவிடப் போகிறது? ஆனால் ஒருவர் படிக்கு உள்ளே, இன்னொருவர் வெளியே.

இதில் காலக்கணக்கு வேறு குழப்பும். மூன்று வருட எல்.எல்.பி.யில் முதல் வருட மதிப்பெண் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் இறுதி வகுப்புக் கணக்கில் சேராது, 40 எடுத்துத் தேறினால் போதும். அதை நம்பி முதல் வருடத்தை ஆற அமரக் கழித்தவர்கள் நிறையப் பேர். பெரிய நிறுவனங்களோ இரண்டு வருடம் முன்கூட்டியே ஆள் எடுப்பவை. இரண்டாம் வருடம் தொடங்கியதுமே, வெக்கேஷன் ஸ்கீம் எனப்படும் விடுமுறைக்காலப் பயிற்சிக்கு விண்ணப்பம் திறந்துவிடும். டிசம்பர், ஜனவரியோடு பல நிறுவனங்கள் கதவைச் சாத்திவிடும். அந்த நேரத்தில் மாணவர் கையில் இருக்கும் பல்கலைக்கழக மதிப்பெண் எது? கணக்கில் வராது என்று சீனியர்கள் சொன்ன அதே முதல் வருடத்தினுடையதுதான்.

அடுத்தது, இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒருவருடைய பின்னணி வேறு, ஒருவருக்கு நேர்ந்த நிகழ்வு வேறு. வசதி குறைந்த பகுதியில், தேர்ச்சி மோசமான பள்ளியில் படித்து, பள்ளி இறுதித் தேர்வான ஏ-லெவலில் மூன்று பாடத்தில் பி தரம் வாங்கியது பின்னணி. இதைக் கணக்கில் எடுக்கவே பல நிறுவனங்கள் கான்டெக்ஸ்சுவல் ரெக்ரூட்மென்ட் சிஸ்டம் என்ற ஒன்றைப் பயன்படுத்துகின்றன. 2005இல் தொடங்கிய ரேர் என்ற ஆள்தேர்வு நிறுவனம் உருவாக்கியது அது. உங்கள் பள்ளியின் சராசரி என்ன, அதைவிட நீங்கள் எவ்வளவு கூட எடுத்தீர்கள், இலவசப் பள்ளிச் சாப்பாட்டுக்குத் தகுதி இருந்ததா, அகதியாக வந்தவரா என்பது போன்ற தகவல்களைச் சேர்த்து, மதிப்பெண்ணின் உண்மையான கனத்தைக் காட்டப் பார்க்கும். இதற்கான கேள்விகள் படிவத்தில் தனியாக வரும், கூச்சப்படாமல் நிரப்பிவிடுங்கள். ‘இலவசச் சாப்பாடு என்று எப்படிப் போடுவது, கௌரவக் குறைச்சல் இல்லையா’ என்று அம்மா கேட்டதாக ஒரு பெண் சொன்னாள். போடாமல் விட்டால் உங்கள் மூன்று பி, தனியார் பள்ளியில் படித்தவருடைய மூன்று பி போலவே வாசிக்கப்படும்.

தணிக்கும் சூழ்நிலைப் பெட்டி நேர்ந்த நிகழ்வுக்கானது. குறிப்பிட்ட ஒரு காலத்தில் உங்கள் கட்டுப்பாட்டை மீறி ஒன்று நடந்தது, அந்தக் காலத்துத் தேர்வை அது பாதித்தது. உங்களுடைய நோய், விபத்து, நெருங்கிய உறவினரின் சாவு, வீட்டில் ஒருவரைப் பராமரிக்க வேண்டி வந்தது, குற்றச்செயலுக்கு ஆளானது, இருக்கும் வீட்டை இழந்தது, குடிவரவு வழக்கில் குடும்பமே மாட்டிக்கொண்டது எல்லாம் இதில் அடங்கும். டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடு போன்ற ஒன்று தாமதமாக, இரண்டாம் வருடத்தில்தான் கண்டுபிடிக்கப்பட்டது என்றால் அதுவும் சேரும். கண்டுபிடிப்புக்கு முன்னும் பின்னும் மதிப்பெண் மாறியிருந்தால் அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. குடும்ப வருமானம் நின்றுபோய் வாரத்தில் 30 மணி நேரம் கடையில் நின்றேன் என்பதும் சேரும். பலர் இதை எழுதுவதில்லை, வேலை செய்வது எல்லோரும் செய்வதுதானே என்று நினைத்துவிடுகிறார்கள்.

எது செல்லாது? பாடம் கஷ்டம், ஆசிரியர் சரியில்லை, அட்டவணையைத் தப்பாகப் பார்த்துவிட்டேன், லேப்டாப் கெட்டுவிட்டது. தேர்வு என்றாலே பதற்றம் என்று மட்டும் எழுதினாலும் நிற்காது. மருத்துவர் கண்டறிந்த பதற்றக் கோளாறு என்றால் கதை வேறு. கோவிட்டும் அப்படித்தான். 2020இல் ஏ-லெவல் தேர்வே ரத்தானது. கணினிச் சூத்திரத்தை வைத்துத் தந்த முடிவுகளுக்கு எதிர்ப்புக் கிளம்பியதும், ஆகஸ்ட் 17 அன்று அரசு பின்வாங்கி ஆசிரியர்கள் கணித்த தரத்துக்கே திரும்பியது. ஆனால் அந்தத் தொகுதி மாணவர்கள் அத்தனைபேருக்கும் அதுதான் நடந்தது. கோவிட் என் படிப்பைப் பாதித்தது என்ற ஒற்றை வரி யாருக்கும் எதையும் சொல்லாது. ஒரே அறையில் நான்கு பேர், ஒரே கணினி, அப்பா மருத்துவமனையில் துப்புரவு வேலைக்குப் போய் நோயோடு வந்தார் என்றால், அப்போது சொல்ல விஷயம் இருக்கிறது.

இனி எழுத்துக்கு வருவோம். விண்ணப்பத்தை ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள். இங்கே பொருளை மட்டும் தமிழில் தருகிறேன். இரண்டும் நான் இட்டுக்கட்டியவை. முதலில், நான் அடிக்கடி பார்க்கும் வகை:

“இரண்டாம் வருடம் எனக்கு மிகவும் சோதனையான காலம். குடும்பத்தில் பல பிரச்சினைகள் ஏற்பட்டு, மன உளைச்சலால் படிப்பில் முழுக் கவனம் செலுத்த முடியவில்லை. ஆனாலும் மனந்தளராமல் போராடி மீண்டு வந்தேன். இந்த அனுபவம் என்னை உறுதியானவளாக்கியது.”

இதில் பொய் ஏதும் இல்லை, ஆனால் படிப்பவர் பிடித்துக்கொள்ள ஒரு கொழுகொம்பும் இல்லை. என்ன பிரச்சினை, எப்போது, எந்தத் தாளை அது தொட்டது? ஒன்றும் தெரியவில்லை. அதே பெண் இப்படி எழுதியிருக்கலாம்:

“இரண்டாம் வருடம் பிப்ரவரியில் என் தந்தைக்குப் பக்கவாதம் வந்தது. அப்போதிலிருந்து மே வரை வாரத்தில் நான்கு நாள் வீட்டுக்குப் போய் அவரைக் கவனித்துக்கொண்டேன். வீட்டில் பெரியவர்கள் வேறு யாரும் இல்லை. மே மாதம் எழுதிய நிலச் சட்டம் 48, டிரஸ்ட் (அறக்கட்டளை) சட்டம் 52 ஆகியவை இதனால் குறைந்தவை. அதே வருடம் ஜனவரியில் ஒப்படைத்த இரண்டு கட்டுரைகளில் 65, 67 பெற்றிருந்தேன். பல்கலைக்கழகத்துக்கு ஏப்ரலில் தெரிவித்தேன். தேர்வுக் குழு ஏற்றுக்கொண்ட கடிதம் இருக்கிறது. ஜூலையிலிருந்து அத்தை எங்களோடு தங்கி அவரைப் பார்த்துக்கொள்கிறார். மூன்றாம் வருடத்தில் இதுவரை வந்த மதிப்பெண்கள் 66, 68. கேட்டால் ஆதாரங்களைத் தர முடியும்.”

இரண்டாவதில் உணர்ச்சிச் சொல் ஒன்றுகூட இல்லை என்பதைப் பாருங்கள். பக்கவாதம் என்றாலே போதும், அது எவ்வளவு துயரம் என்று படிப்பவருக்குச் சொல்லித் தர வேண்டாம். இதில் முக்கால்வாசி வேலையைச் செய்வது தேதிகள்தான். பிப்ரவரியில் நிகழ்வு, மே மாதத்தில் தேர்வு. இரண்டையும் பக்கத்தில் வைத்ததும் வாதம் தானாக நிற்கிறது. ஜனவரிக் கட்டுரைகளின் 65, 67 அடுத்த கெட்டிக்காரத்தனம். இந்த நிகழ்வு நடக்காவிட்டால் இவள் எவ்வளவு எடுத்திருப்பாள் என்று படிப்பவர் மனதில் எழும் கேள்விக்கு, அதே வருடத்திலிருந்து, அவளே பதில் வைத்துவிட்டாள். வாரத்தில் நான்கு நாள் என்ற கணக்கும் அப்படியே. கவனித்துக்கொண்டேன் என்று மட்டும் எழுதியிருந்தால் அது வாரம் ஒருமுறை போன் பேசியதாகக்கூட இருக்கலாம்.

அத்தை வந்து தங்கிய வரி சிலருக்குத் தேவையற்றதாகத் தோன்றும். எனக்கு அதுதான் முக்கியமான வரி. வேலைக்கு ஆள் எடுப்பவருக்கு உள்ளூர ஒரு கவலை உண்டு: இந்தச் சூழ்நிலை இன்னும் நீடிக்கிறதா, பயிற்சிக் காலத்திலும் இப்படி ஆகுமா? வாய்விட்டுக் கேட்கமாட்டார். கேட்காத அந்தக் கேள்விக்கு ஒரே வரியில் பதில் வந்துவிட்டது. நிலைமை தீராமல் தொடர்கிறது என்றால் அதையும் மறைக்க வேண்டாம். எப்படிச் சமாளிக்கிறீர்கள், என்ன ஏற்பாடு இருக்கிறது என்று எழுதுங்கள். நாட்பட்ட நோயோ ஊனமோ உள்ளவர்களுக்கு நியாயமான வசதி செய்து தருவது 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி முதலாளியின் கடமை. அதைக் கேட்பது சலுகை கேட்பதாகாது.

‘இந்த அனுபவம் என்னை உறுதியாக்கியது’ என்ற வரியை எங்கே கண்டாலும் அடித்துவிடுவேன். கஷ்டத்திலிருந்து கற்றதைக் கேட்க அதே படிவத்தில் வேறு கேள்விகள் வரும். அங்கே எழுதிக்கொள்ளலாம்.

பல்கலைக்கழகம் கொடுத்த கடிதம் என்று எழுதினேனே, அதற்குப் பின்னால் தனி நடைமுறை இருக்கிறது. பாதிப்பு வந்த உடனே, குறிப்பிட்ட நாட்களுக்குள், ஆதாரத்தோடு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அப்படி விண்ணப்பித்தால் மதிப்பெண்ணைக் கூட்டிப் போட்டுவிடுவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான இடங்களில் கூட்ட மாட்டார்கள். கட்டுரைக்குக் கூடுதல் நாள் தரலாம், தேர்வைத் தள்ளிவைத்து அடுத்த முறை முதல் முயற்சியாகவே எழுத விடலாம். இந்தக் கடைசி விஷயம் பெரிது. சாதாரணமாகத் தோற்று மறுபடி எழுதினால் எவ்வளவு நன்றாக எழுதினாலும் பதிவாவது 40தான் என்பது பல இடங்களில் விதி. முதல் முயற்சி என்று அனுமதித்தால் அந்த உச்சவரம்பு கிடையாது. சில பல்கலைக்கழகங்களில் இன்னொரு விதி உண்டு: தேர்வு அறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டாலே எழுதும் நிலையில் இருப்பதாக நீங்களே உறுதி கொடுத்ததாகிவிடும். காய்ச்சலோடு போய் எழுதிவிட்டுப் பிறகு முறையிட்டால் எடுபடுவது கடினம். நம் பிள்ளைகள் பலர் இங்கேதான் மாட்டுகிறார்கள். எப்படியாவது எழுதிவிட்டு வந்துவிடு என்பது வீட்டு அறிவுரை.

பல்கலைக்கழகம் சரியாக நடத்தவில்லை என்றால் அதன் உள்முறையீடு எல்லாம் முடிந்த பிறகு, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உயர்கல்விக்கான சுயாதீனத் தீர்ப்பாளர் அலுவலகம் இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் இறுதிக் கடிதம் வந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் அங்கே போகலாம். அவர்கள் பார்ப்பது நடைமுறை சரியாக நடந்ததா என்பதைத்தான். தாளைத் திரும்பத் திருத்தித் தரமாட்டார்கள்.

அப்போது பல்கலைக்கழகத்திடம் ஒன்றுமே சொல்லவில்லையே என்பவர்கள் என்ன செய்வது? வேலை விண்ணப்பத்தில் அப்போதும் எழுதலாம். ஏன் சொல்லவில்லை என்பதற்கு ஒரு வரி மட்டும் சேருங்கள். நோய் அப்போது கண்டறியப்படவில்லை, இப்படி ஒரு வழி இருப்பதே தெரியாது, எதுவானாலும் உண்மையானதைச் சொன்னால் போதும்.

தமிழ் வீடுகளில் இன்னொரு முட்டுக்கட்டை இருக்கிறது. லண்டனில் ஹாரோவிலும் ஈஸ்ட்ஹாமிலும் டூட்டிங்கிலும் வளர்ந்த பிள்ளைகள் பலர் அம்மா அப்பாவுக்கு மொழிபெயர்ப்பாளராகவே வளர்ந்தவர்கள். மருத்துவரிடம் போனால் அவர்கள், உள்துறை அமைச்சிலிருந்து கடிதம் வந்தால் அவர்கள், வங்கியில் அவர்கள். இதைக் கடமை என்றுகூட நினைப்பதில்லை, வீடு என்றால் அப்படித்தான் என்று இருந்துவிடுகிறார்கள். தேர்வு வாரத்தில் மூன்று நாள் அம்மாவோடு மருத்துவமனையில் உட்கார்ந்திருந்தது பெட்டியில் எழுதவேண்டிய விஷயம் என்றே அவர்களுக்குத் தோன்றாது. மனநோய் என்றால் கேட்கவே வேண்டாம், வீட்டு விஷயத்தை வெளியில் சொல்லாதே என்ற குரல் முதலில் வந்து நிற்கும்.

அந்தக் குரலிலும் ஓரளவு நியாயம் உண்டு. எல்லாவற்றையும் எழுத வேண்டும் என்று யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. வேலை தருவதாகச் சொல்லும் முன் உடல்நலம் பற்றி முதலாளி கேட்கக் கூடாது என்பது சமத்துவச் சட்டத்தின் 60ஆம் பிரிவு சொல்லும் பொதுவிதி. நேர்காணலுக்கு வசதி ஏதும் வேண்டுமா என்று கேட்பது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. நீங்களாக முன்வந்து சொல்வதற்குத் தடை இல்லை. சொல்லும்போதும் அளவு உங்கள் கையில்தான். ‘அந்த வருடம் கண்டறியப்பட்ட ஒரு மருத்துவப் பிரச்சினை, செப்டம்பரிலிருந்து சிகிச்சையில் கட்டுப்பாட்டில் இருக்கிறது’ என்ற அளவே பல நேரம் போதும், நோயின் பெயர் வேண்டியதில்லை. அப்பாவின் நோய் அவருடைய விஷயமும்கூட என்பதால், எழுதுமுன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. இந்தத் தகவலை யார் யார் படிப்பார்கள் என்று நிறுவனத்தின் ஆள்தேர்வுப் பிரிவைக் கேட்கவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது.

கூட்டியும் குறைத்தும் எழுதும் ஆசை வரும். 59.4ஐ 60 என்று போடுவது, தாத்தாவின் சாவை இரண்டு மாதம் தள்ளித் தேர்வுக்குப் பக்கத்தில் கொண்டுவருவது. சான்றிதழில் இருக்கும் எண்ணை அப்படியே போடுங்கள். சொலிசிட்டராக, அதாவது முழு வழக்கறிஞராகப் பதிவதற்கு முன், அவர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பான சொலிசிட்டர்ஸ் ரெகுலேஷன் அத்தாரிட்டி உங்கள் குணநலனையும் தகுதியையும் பார்க்கும். மதிப்பெண் குறைவு அங்கே தடையாக இராது. நேர்மைக்குறைவு தடையாகும், அதுவும் எத்தனை வருடம் கழித்து வெளிவந்தாலும்.

சில படிவங்களில் இந்தப் பெட்டியே இருக்காது. 60க்குக் கீழே எண்ணைப் போட்டதும் மேலே போக விடாத இணையப் படிவங்களும் உண்டு. அப்போது சமர்ப்பிக்கும் முன்பே ஆள்தேர்வுப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். நான்கைந்து வரி போதும்: என் நிலை இது, தணிக்கும் சூழ்நிலைகளைக் கருத்தில் எடுப்பீர்களா, எங்கே குறிப்பிட வேண்டும்? முகவுரைக் கடிதத்தின் நடுவில் இந்தக் கதையை நுழைப்பது எனக்கு உவப்பில்லை. ஏன் இந்த நிறுவனம், ஏன் நான் என்று சொல்லவேண்டிய இடத்தில் நிலச் சட்டத்துக்கு இடம் கொடுப்பானேன்?

எல்லாம் சரியாக எழுதியும் இல்லை என்ற பதில் வரலாம். இருநூறு சொல்லுக்குள் கதவு திறந்தே தீரும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் இப்போது அந்தக் கதவு மட்டுமே வழி என்றில்லை. 2021 செப்டம்பரில், சொலிசிட்டர் ஆவதற்கு எஸ்.க்யூ.இ. என்ற பொதுத் தகுதித் தேர்வு முறை வந்தது. பட்டம் அல்லது அதற்குச் சமமான தகுதி, இந்தத் தேர்வின் இரண்டு கட்டங்கள், இரண்டு வருட வேலை அனுபவம், பிறகு அந்தக் குணநலன் சோதனை. இரண்டு வருடத்தை நான்கு இடங்கள்வரை பிரித்துச் சேர்க்கலாம்; வழக்கறிஞர்களுக்கு உதவியாளராகச் செய்யும் பாராலீகல் வேலையும், இலவசச் சட்ட உதவி மையத்தில் செய்யும் வேலையும்கூடச் சேரும். எஸ்.க்யூ.இ.யின் முதல் கட்டம் தலா 180 கேள்விகள் கொண்ட இரண்டு தாள். அதில் நிலச் சட்டமும் வரும். 48 வாங்கியவர் அதையும் தாண்டிவிட்டால், பழைய எண்ணை யாரும் பழையபடி படிக்கமாட்டார்கள்.

கடைசியாக, அலுப்பான ஒரு வேலை. பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிய விண்ணப்பம், அதற்கு வந்த பதில், மருத்துவமனைக் கடிதம், ஆசிரியரின் மின்னஞ்சல் எல்லாவற்றையும் பி.டி.எஃப். ஆக்கி உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு இன்றே அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனம் ஆதாரம் கேட்பது பெரும்பாலும் வேலை தருகிறோம் என்று சொன்ன பிறகுதான். அதற்குள் பட்டம் வாங்கி முடித்து, பல்கலைக்கழகம் கொடுத்த மின்னஞ்சல் கணக்கையும் மூடியிருப்பார்கள்.